இந்த ஊரில் இல்லாத முன்ஜாமீன்

குற்றவியல் வழக்குகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். வென்ற வழக்கு ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வென்ற வழக்குகளைப் பற்றி விருந்துகளில் நிறையவே பேசிவிட்டேன். கேட்டவர்கள் பாவம். இது ஒரே ஒரு சொல்லால் நான் கெடுத்த வழக்கு. அந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் இல்லை. உங்கள் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேலே மாடியில் நம் அலுவலகம் இருந்த காலம் அது. அங்கே வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தொலைக்காட்சியில் சட்டம் படித்தவர்கள். தமிழ்நாட்டுச் செய்தியும் தொடரும் பார்த்துப் பார்த்து, நமக்கே தெரியாத மனுக்களின் பெயர்களை எல்லாம் சொல்வார்கள். காதலனோடு பக்கத்துத் தீவான பாத்தாமுக்குப் போன மகளுக்காக ஒருவர் ஆட்கொணர்வு மனு கேட்டார். மகளுக்கு இருபத்தெட்டு வயது, வங்கியில் அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை மாலைப் படகில் திரும்பிவிட்டாள். இப்படிப்பட்டவர்களிடம் நான் சிரித்துக்கொண்டே, "பார்ப்போம்" என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். முடியாது என்பதை முகம் கோணாமல் சொல்லும் கலை எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் செல்வராணி டீச்சர் வந்தார். செம்பவாங்கில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் தேர்வில் தேற்றியவர். அறுபத்து மூன்று வயது. இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் குடை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பறவைக்கூடு விளையும் கட்டடங்களில் பங்கு என்று ஒரு முதலீட்டுத் திட்டம் அப்போது நம்மவர்களிடையே ஓடிக்கொண்டிருந்தது. குருவிகள் எச்சிலால் கூடு கட்டும், சீனர்கள் அதை விலைக்கு வாங்குவார்கள், நமக்கு மாதாமாதம் பங்கு வரும். திட்டத்தின் தலைவர் அழகான தமிழ் பேசுவார். டீச்சர் தம் சேமிப்பைப் போட்டார். பிறகு தம்மிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துவிட்டார். சேர்த்ததற்குத் தரகும் வாங்கினார். இப்போது தலைவரின் கைப்பேசி அணைந்து கிடந்தது. குருவிகளைப் பற்றியும் தகவல் இல்லை.

"சார், எனக்கு முன்ஜாமீன் வாங்கித் தரணும்" என்றார், நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே.

"யாராவது புகார் குடுத்திருக்காங்களா டீச்சர்?"

"குடுக்கப் போறாங்க. எங்கிட்டப் படிச்ச தாமரையோட அம்மா மார்க்கெட்ல நின்னுக்கிட்டுச் சத்தம் போட்டாங்க. போலீசுக்குப் போறேன்னு. அவங்க மேல தப்பில்ல சார். நான்தானே சேத்துவிட்டேன்."

"அந்தாளு ஏமாத்துவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என் தங்கச்சி பணத்தைப் போடுவேனா? அதெல்லாம் போலீஸ் கேட்டா ஒண்ணு விடாம சொல்லிடுவேன். ஆனா, திடீர்னு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடக் கூடாது. அது மட்டும் நடக்கக் கூடாது சார். சென்னையில அந்தப் பைனான்ஸ் கம்பெனிக்காரங்களுக்கு எல்லாம் முன்ஜாமீன் குடுத்தாங்களே, நியூஸ்ல பார்த்தேன்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதைக் கொஞ்சம் படித்தவர் எவரும் சொல்லியிருப்பார். இங்கே முன்ஜாமீன் என்று ஒன்று கிடையாது. கைதான பிறகோ குற்றம் சாட்டப்பட்ட பிறகோதான் ஜாமீன் பற்றிய பேச்சே. இங்கே இருப்பது வேறு வழி. காவல்துறை கூப்பிடுவதற்கு முன்னால் வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு நாமே போய், தெரிந்ததைச் சொல்லி, பயணக் கடப்பிதழையும் கொடுத்துவிட்டு வருவது. தாமாக வந்தவரை அவசரப்பட்டு உள்ளே வைக்கப் பெரும்பாலும் யாரும் விரும்புவதில்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

நான் சொல்லவில்லை. அடுத்த கட்சிக்காரர் வெளியே காத்திருந்தார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எதிர்ச்சாரி மாடியிலும் ஒரு வழக்கறிஞர் இருந்தார். 'இவரால் முடியவில்லையாம்' என்று டீச்சர் படியிறங்கி அந்தப் படியேறுவதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் சிரித்தேன்.

"பார்ப்போம் டீச்சர்."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்க பார்த்துக்குவீங்க சார், தெரியும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் மறுத்திருக்கிறேன், அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏன் திடீரென்று கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றும் நான் கேட்கவில்லை. அவமானத்துக்குப் பயப்படுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சில வாரங்கள் போயின. வணிகக் குற்றங்களை விசாரிக்கும் காவல் அதிகாரி ஒருவர் டீச்சரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த வியாழக்கிழமை வாக்குமூலத்துக்கு வரச் சொன்னார். அழைப்பு மரியாதையாகத்தான் இருந்தது. நான் அப்போது வேறொரு பெரிய வழக்கில் மூழ்கியிருந்தேன். டீச்சரின் குறுஞ்செய்தி மதிய இடைவேளையில் வந்தது. அவர் எழுதுவதில் ஒற்றுப்பிழை இருக்காது.

'ஐயா, வியாழக்கிழமை அதிகாரி வரச் சொல்லியிருக்கிறார். திருச்சியில் வழக்கறிஞராக இருக்கும் என் அத்தை மகன், அங்கே முன்ஜாமீன் வாங்கிவிடலாம் என்கிறார். வெள்ளிக்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்பிவிடுவேன். போகலாமா?'

ஒரு கையில் தேநீர், மறு கையில் கைப்பேசி. நான் தட்டிய பதில்: 'பார்ப்போம்.'

போகாதீர்கள், சாயங்காலம் பேசலாம் என்பதுதான் நான் நினைத்தது. சாயங்காலம் நான் பேசவில்லை. டீச்சர் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார். மறுப்பு வராததால் விமானம் ஏறினார்.

அங்கேயும் அந்தத் திட்டத்தின்மீது ஒரு புகார் இருந்தது. அதில் இவர் பெயரும் இருந்ததால் முன்ஜாமீன் கேட்க இடமிருந்தது. கிடைத்தும் விட்டது. ஆனால் அந்த மனுவின் விசாரணை இரண்டு நாள் தள்ளிப்போனதால் டீச்சர் புதனுக்குப் பதில் வெள்ளிக்கிழமைதான் திரும்பினார். வியாழக்கிழமை அதிகாரி காத்திருந்து பார்த்தார். ஆளைக் காணோம், நாட்டைவிட்டுப் போயிருக்கிறார் என்று கணினி சொன்னது. அதற்குப் பிறகு எது நடக்குமோ அதுதான் நடந்தது. விமான நிலையத்தில் கடப்பிதழை நீட்டியபோதே அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

டீச்சர் பிறகு சொல்லித்தான் மற்றது தெரியும். அங்கே இருந்த அதிகாரி நம் தமிழ்ப் பையன். இவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நீதிமன்ற ஆணையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"ஆன்ட்டி, இது என்ன?"

"முன்ஜாமீன் தம்பி. என்னை அரெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு ஆர்டர்."

அவன் முழுவதும் படித்துப் பார்த்திருக்கிறான். "ஆன்ட்டி, இது அங்க உள்ள போலீசுக்குத்தான். இங்க நாங்க வேற."

"அப்ப இங்க உள்ள முன்ஜாமீன் எங்க லாயர்கிட்ட இருக்கும். அவர்கிட்டக் கேளுங்க."

ஓடிப்போகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். கைதாகாமல் இருக்கும் உரிமையை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, கைதாவதற்கென்றே திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலையில் குற்றம் சாட்டினார்கள். நீதிமன்றத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதே சேலை, கசங்கியிருந்தது. விசாரணைக்குச் சற்று முன்பு பேச நேரம் கொடுத்தார்கள். டீச்சர், "சார், அவருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் டீச்சர். முதல்ல கேஸைப் பார்ப்போம்" என்றேன்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, விசாரணைக்கு அழைக்கப்பட்டவுடன் இவர் வெளிநாடு போயிருக்கிறார், சொன்ன தேதிக்கு வரவில்லை, அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், ஜாமீன் கொடுத்தால் மீண்டும் போய்விடுவார் என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீதிபதி என் பக்கம் திரும்பினார். பயணத்தைப் பற்றி இவர் முன்கூட்டி யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட கேள்வி உங்களிடம் ஒரு நாள் வரும். பதில் சொல்ல மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். என் கைப்பேசி என் கோட்டுப் பையிலேயே இருந்தது. 'என்னிடம் சொன்னார், போகலாமா என்றும் கேட்டார், நான்தான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை' என்று சொல்லியிருந்தால் தப்பி ஓடியவர் என்ற பேச்சே அங்கே நின்றிருக்காது. என் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "அந்த விவரம் குறித்து எனக்கு முழுமையான அறிவுறுத்தல் இல்லை."

நல்ல வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை. முப்பது வருட அனுபவம் இல்லாமல் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை வாக்கியத்துக்குள் மறைக்க முடியாது. ஜாமீன் மறுக்கப்பட்டது.

முன்ஜாமீன் தேடிப்போய், எல்லோருக்கும் கிடைக்கிற சாதாரண ஜாமீனையும் அவர் இழந்தார். அதைத் தேட வைத்தவன் தன் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்தான்.

சிறையில் போய்ப் பார்த்தபோது டீச்சர் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சார், அவருக்கு ஊசி யாரு போடுறா?" என்றார்.

அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணவர் மாணிக்கம். செம்பவாங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி இயக்கியவர். நீரிழிவில் இரண்டு கண்ணும் போய்விட்டது. இன்சுலினை அளந்து போடுவது, காலில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் டீச்சர்தான். பிள்ளைகள் இல்லை. ஊருக்குப் போனபோது தங்கையைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இவர் திரும்புகிற நாள் காலையில், அக்காதான் வந்துவிடுகிறாளே என்று அந்தத் தங்கை மலாக்காவில் இருக்கும் தன் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

"இதுக்குத்தானே சார் முன்ஜாமீன் கேட்டேன்? உள்ள போக மாட்டேன்னா சொன்னேன்? ஆள் ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன்னுதானே கேட்டேன்?"

அவர் அப்படிக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்கும்படி நான் விடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அங்கிருந்து நேராகச் செம்பவாங் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள்தான், மாணிக்கம் மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொன்னார். தண்ணீர் எடுக்கப் போய்க் கண்ணாடிக் குவளையை உடைத்திருக்கிறார். உடைந்த சில்லு காலில் ஏறியிருக்கிறது. உணர்வில்லாத கால், கண்ணும் தெரியாது, அதனால் அவருக்குத் தெரியவில்லை. ஊசியும் இல்லை. லாயர் எல்லாம் பார்த்துக்கொள்கிறார், ராணி நாளைக்கு வந்துவிடுவாள் என்று அந்த அம்மாளிடம் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் கதவைத் தட்டியும் திறக்காததால் அந்த அம்மாள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார்.

மருத்துவமனைக் கட்டிலில் மாணிக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காலில் பெரிய கட்டு. நான் பெயரைச் சொன்னேன்.

"அட, லாயர் தம்பியா? வாங்க, வாங்க. உக்காருங்க. நாற்காலி எங்கயாவது இருக்கும், நீங்கதான் தேடிக்கணும்."

"காலு எப்படி இருக்கு அண்ணே?"

"ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. பாக்கி எட்டு இருக்கு. நான் என்ன மேடையேறி ஆடவா போறேன்?"

நாற்காலி ஒன்றைத் தேடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வானொலியை மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராணி சொன்னா, நீங்க பார்ப்போம்னு சொன்னீங்களாம்" என்றார் மாணிக்கம்.

"ஆமா அண்ணே."

"ரெண்டு தடவை சொன்னீங்களாமே."

"ஆமா."

"எனக்குத்தான் கண்ணு தெரியாது தம்பி. நீங்களாவது பார்த்திருக்கலாமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிற குரலில்தான் சொன்னார். திட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் வழக்கை விட்டு விலகினேன். எதிர்ச்சாரி மாடிக்கு நானே படியேறி, அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் கோப்பைக் கொடுத்தேன். யாரிடம் போய்விடுவார்கள் என்று பயந்தேனோ அங்கேயே கொண்டுபோய் விட்டேன். நடந்ததை எல்லாம் சத்தியப்பிரமாணமாக எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதும்போது மூன்று இடங்களில் 'தவறான புரிதல்' என்று போட்டு வைத்திருந்தேன். அந்தப் பெண் மூன்றையும் பென்சிலால் அடித்துவிட்டு, "யார் செஞ்ச தவறுன்னு போடுங்க சார்" என்றாள். போட்டேன்.

ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. குறுஞ்செய்திகளை மொழிபெயர்த்த மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார், நரைத்த தலை, ரொம்ப நிதானமானவர். நீதிபதி சீனர். என் பதிலின் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தார். 'நாம் காண்போம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

"போகலாமா என்று கேட்டதற்கு இது பதில். தமிழில் இதற்கு ஆம் என்று பொருளா, இல்லை என்று பொருளா?" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "சொல்கிறவரைப் பொறுத்தது, மாண்புமிகு நீதிபதி அவர்களே. சில சமயம் கேட்கிறவரைப் பொறுத்தது."

நீதிபதி பின்வரிசையில் இருந்த என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "நீங்கள் எந்தப் பொருளில் சொன்னீர்கள்?"

"வேண்டாம் என்ற பொருளில்."

"அவர் எப்படி எடுத்துக்கொண்டார்?"

"சரி என்று."

"இவ்வளவு பழைய மொழியில் 'வேண்டாம்' என்பதற்கு ஒரு சொல் இல்லையா?"

"இருக்கிறது. 'வேண்டாம்' என்பதுதான் அந்தச் சொல். நான் பயன்படுத்தவில்லை."

யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டார். கீழ் நீதிமன்றத்தில் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

ஜாமீன் கிடைத்தது. கடப்பிதழ் ஒப்படைப்பு, காலில் மின்னணுப் பட்டை, வாரந்தோறும் நேரில் வருவது, எல்லா நிபந்தனைகளும் உண்டு. ஜாமீன்தாரராக முன்வந்தவர் தாமரையின் அம்மா, மார்க்கெட்டில் சத்தம் போட்ட அதே அம்மாள். "பணம் போனது போனது. என் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவங்க உள்ள கிடக்கணுமா?" என்று கேட்டாராம். என்னைப் பற்றியும் நானே வழக்கறிஞர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். கண்டனம் வந்தது. அது நியாயம்தான், கொஞ்சம் குறைவு என்றும் தோன்றியது. அதன் பிறகு அதிக நாள் நான் தொழிலில் இல்லை.

டீச்சருக்குக் கடைசியில் சில மாதச் சிறைத் தண்டனை. தரகு வாங்கியது, அந்தத் திட்டத்தைப் பற்றி அரசு எச்சரித்த பிறகும் இரண்டு பேரைச் சேர்த்தது, இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் தண்டனையைச் சில வாரங்கள் கழித்துத் தொடங்க நீதிமன்றம் அனுமதித்தது. அந்த வாரங்களில் தங்கையை வரவழைத்து, பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்து, மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டு, குறித்த நாளில் குடையோடு தாமே போய்ச் சேர்ந்தார். முதல் நாள் என் முன் உட்கார்ந்து அவர் கேட்டது இதைத்தான். இந்த ஊரில் அது இருந்தது. பெயர்தான் வேறு.

எனவே உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். முதலீட்டு மோசடி வழக்குகள் இனியும் வரும். குருவிக்குப் பதில் வேறு ஏதாவது பறக்கும். முன்ஜாமீன் கேட்டு மாடியேறி வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இங்கே அது கிடையாது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் படியிறங்கி எதிர்மாடிக்குப் போனால் போகட்டும்.

சென்ற தீபாவளிக்கு முன்பு மாணிக்கம் தொலைபேசியில் கூப்பிட்டார். டீச்சர் திரும்பி வந்து ஓராண்டாகியிருந்தது.

"தம்பி, ராணி முறுக்கு சுட்டிருக்கா. தீபாவளிக்கு வீட்டுக்கு வர்றீங்களா?"

பழைய சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"வரல அண்ணே. டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரல."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. கைப்பேசியை விலக்கி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ராணி, லாயர் வர மாட்டாராம்! இன்னைக்குத்தான் ஒரு பதில் சொல்லியிருக்காரு."